சுண்டுவிரல் பள்ளம்

ஜனவரி 9
கப்பலிலிருந்து

மாப்ளே,

நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கன்னு கேட்டா "ம்"னு சொல்லுவ. அதனால கேக்கல.

போன வாரம் துறைமுகத்துல இறங்கினதும் உனக்குத்தான் போன் போட்டேன். நான் "மாப்ளே"ன்னேன். நீ "சொல்லுங்க மச்சான்"ன்ன. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் மூச்சு விடுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு நின்னோம். எனக்குப் பின்னாடி நின்னவன், "என்னண்ணே, லைன் கட் ஆயிடுச்சா? அப்ப நகருங்க"ங்கிறான். அவன்கிட்ட என்னத்தைச் சொல்றது? என் தங்கச்சி போயிட்டா, இவன் என் தங்கச்சி புருஷன், எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு வரலன்னா?

அதனால ஒரு முடிவு பண்ணேன். இனிமே கடுதாசி. நடுக்கடல்ல எனக்கும் பொழுது போகணும். முப்பது பேருக்கு ஆக்கிப் போட்டுட்டு, பாத்திரம் கழுவி வச்சுட்டு, அடுப்படியிலயே உக்காந்து எழுதுறேன். எண்ணெய்க் கறை பட்டிருந்தா கண்டுக்காத. கம்பெனி ஏஜென்ட் விலாசத்துக்குப் போடு, எந்தத் துறைமுகத்துல நின்னாலும் என் கைக்கு வந்துடும்.

மறுபடி வேலை தேடுறியாமே? நல்லது. என்ன நடக்குதுன்னு ஒளிக்காம எழுது. சாப்பிடு.

உன் மச்சான்


ஜனவரி 30

அன்புள்ள மச்சானுக்கு,

நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். எழுதிவிட்டேன். உங்களுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது?

வேலை தேடுகிறேன் என்பது உண்மைதான். பொருள் வடிவமைப்புக் கம்பெனிகள் மூன்றுக்குப் போய் வந்தேன். மூன்றிலும் ஒரே மாதிரி கண்ணாடி அறை, ஒரே மாதிரி நாற்காலி. உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிற நாற்காலியைப் போட்டுவிட்டு, உட்காருவதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறோம் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது இடத்தில் என் விவரத்தாளைப் புரட்டிய ஆள், நான் வேலை இல்லாமல் இருந்த காலத்தில் விரலை வைத்தார்.

"இந்த இடைவெளி ஏன்?"

"சொந்தக் காரணம்."

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கே. ஊர் சுத்தப் போயிட்டீங்களா?"

"ஆமா சார்."

"கொடுத்து வச்சவர்தான்" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்த பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அப்புறம் போர்ட்ஃபோலியோவைப் பார்த்தார். செய்த வேலைகளைப் படத்தோடு கோத்து வைத்த தொகுப்பு அது, உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பக்கத்திலும் கீழே இரண்டு பெயர்கள் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. "இதுல எது உங்களுது?" என்றார். எல்லாமே இரண்டு பேருடையதுதான் என்றேன். மூடி வைத்துவிட்டார்.

வேறு விசேஷம் இல்லை. குழாய் ஒழுகுகிறது, மாற்ற வேண்டும்.

உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 21
கப்பலிலிருந்து

மாப்ளே,

முதுகுவலி கிடக்குது. அதைப் பத்தி இப்ப என்ன?

ஊர் சுத்தப் போனியான்னு ஒருத்தன் கேட்டா, ஆமான்னா சொல்லுவ? உனக்கு நாக்கு எங்க போச்சு? வேலையை விட்டுட்டு என் தங்கச்சி கட்டிலுக்குக் கீழ பாய் விரிச்சுப் படுத்துக் கெடந்தவன்யா நீ. வார்டு நர்ஸுங்க எல்லாம் உன்னை ஆஸ்பத்திரி ஆளுன்னே நினைச்சாங்கன்னு அவதான் எனக்கு எழுதினா. அதுக்குப் பேரு ஊர் சுத்துறதா? கொடுத்து வச்சவராம்ல! அந்த ஆள் என் கப்பலுக்கு ஒரு நாள் சாப்பிட வரட்டும். மிளகாயிலயே குளிப்பாட்டி அனுப்புறேன்.

உன் கடுதாசியை நாலு தடவை படிச்சேன். நடந்ததைச் சொல்ற, ஆனா உனக்கு என்ன தோணுச்சுன்னு ஒரு வரி இல்ல. போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கிற மாதிரி இருக்கு. குழாய் ஒழுகுதாம். குழாய்க்கே உன்னைவிட ரோசம் இருக்குய்யா.

அந்த ரெண்டு பேர் விஷயம் எனக்கு விளங்கல. ரெண்டு பேர் சேர்ந்து செஞ்சா ரெண்டு பேர் பேரையும்தானே போடுவாங்க? இதுல அவனுக்கு எங்க குடையுது?

உன் மச்சான்


மார்ச் 14

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே காற்று, மழை எப்படி? கவனமாக இருங்கள்.

இரண்டு பேர் விஷயம் கேட்டிருந்தீர்கள். உங்கள் தங்கச்சி களிமண்ணில் பிடித்துப் பிடித்து உருவத்தைக் கொண்டுவருவாள். நான் அதை அளந்து, கம்ப்யூட்டரில் வரைந்து, தொழிற்சாலையில் வார்க்கிற மாதிரி ஆக்குவேன். ஒரு பொருளில் எது அவளுடையது, எது என்னுடையது என்று எங்களுக்கே தெரியாது. அதைத்தான் பிரித்துக் காட்டச் சொல்கிறார்கள்.

வேலைக்கு ஆள் பிடித்துக்கொடுக்கும் ஏஜென்ட் ஒருவரிடம் பதிந்து வைத்திருக்கிறேன். அவர் சொல்கிறார்: "தம்பி, இன்னொரு பேரை எடுத்துடுங்க. அவங்களுக்கு இனிமே அது எதுக்கு? உங்களுக்குத்தான் தேவை. யாரு வந்து கேக்கப் போறா?" யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. நேர்முகத்துக்கு முன்னால் ஒரு வேலை கொடுத்துச் செய்து வரச் சொல்வார்கள். சோதனை வேலை என்று பேர். ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். கூலி கிடையாது. கிடைத்தால் வேலை, இல்லாவிட்டால் ஒரு மின்னஞ்சல். இந்த ஒன்றரை மாதத்தில் நான்கு செய்து அனுப்பினேன். மூன்று மின்னஞ்சல் வந்திருக்கிறது.

நான்காவது இடம் பெரிய கம்பெனி. நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் தங்கச்சி உடம்புக்கு முடியாமல் போவதற்கு முன்னால் அங்கேதான் விண்ணப்பித்திருந்தாள். அப்போது அவளிடம், பேருந்தில் நின்றுகொண்டு போகிறவர்கள் பிடிக்கிற தொங்கு கைப்பிடியைச் செய்து வரச் சொன்னார்கள். இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம். "தற்சமயம் தங்கள் தகுதிக்கேற்ற இடம் இல்லை" என்று பதில் வந்தது.

குழாயை மாற்றிவிட்டேன்.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 2
கப்பலிலிருந்து

மாப்ளே,

சௌக்கியம். ரெண்டு நாளா கப்பல் ஆடுற ஆட்டத்துல ஒருத்தனும் சாப்பிடல. எனக்கு லீவு மாதிரி.

நானும் வேலைக்குச் சேரும்போது சோதனை வேலை செஞ்சவன்தான். சமைச்சுக் காட்டுன்னாங்க. காட்டினேன். சாப்பிட்டாங்க. அன்னிக்கே சம்பளம் பேசிச் சேத்துக்கிட்டாங்க. உங்க தொழில்ல என்னடான்னா, வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு, வாயைத் துடைச்சுக்கிட்டு, உப்பு கம்மி, போயிட்டு வாங்கன்னு அனுப்புறானுங்க. பத்து பேரைக் கூப்பிட்டு இப்படிச் சமைக்க விட்டா வருஷம் பூரா ஓசிச் சாப்பாடுதானே? படிச்சவன் நீ, உனக்கு இது உறைக்கலையா?

அந்த ஏஜென்ட்கிட்ட சொல்லு. யாரு வந்து கேக்கப் போறாங்கன்னானா? நான் கேப்பேன். கூடப் பொறந்தவன் ஒருத்தன் கடல்ல இருக்கான், செத்துப் போகலன்னு சொல்லு.

பெரிய கம்பெனிக்குப் போய்ட்டு வந்து உடனே எழுது.

உன் மச்சான்


ஏப்ரல் 19

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

போனேன். வாசலிலேயே பெரிய காட்சி அறை. அவர்கள் தயாரித்த பொருள்களுக்கெல்லாம் தனித்தனியாக விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு கம்பியில் வரிசையாகக் கைப்பிடிகள் தொங்கின.

தூரத்திலிருந்தே தெரிந்தது. இருந்தாலும் கிட்டப் போய்ப் பிடித்துப் பார்த்தேன். நான்கு விரலுக்கும் நான்கு பள்ளம். மூன்று விரல் சரியாக உட்கார்ந்தது. சுண்டுவிரல் உட்காரவில்லை. அந்தப் பள்ளம் மட்டும் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

அது என் தப்பு, மச்சான். களிமண்ணைத் தன் கையில் வைத்து அழுத்தித்தான் உங்கள் தங்கச்சி அதை உருவாக்கினாள். அவளுடைய சுண்டுவிரல் கோணல் என்பது உங்களுக்குத் தெரியும். நான் அப்படியே அளந்து வரைந்துவிட்டேன். நேராக்க வேண்டும் என்று தோன்றவில்லை, அந்தக் கையை அவ்வளவு பழகிவிட்டேன். அனுப்பின பிறகுதான் இரண்டு பேரும் கவனித்தோம். "வேலை குடுத்தா திருத்திக் குடுப்போம், இல்லன்னா கோணலாவே கெடக்கட்டும்" என்று சிரித்தாள்.

அவர்கள் திருத்தவில்லை. அப்படியே வார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பலகை: "பல நூறு கைகளை ஆராய்ந்து உருவான தனித்துவமான சாய்வு."

உள்ளே கூப்பிட்டார்கள். வடிவமைப்புத் தலைவரும் பணியாளர் பிரிவு அம்மாவும் இருந்தார்கள். தலைவர் என் போர்ட்ஃபோலியோவைப் புரட்டிக்கொண்டே வந்தவர், கைப்பிடிப் பக்கத்தில் நின்றார்.

"இது எங்க பொருளாச்சே. இது எப்படி உங்ககிட்ட?"

"நாங்க செஞ்சது சார்."

"நாங்கன்னா?"

"கீழ பேர் இருக்கு."

"தம்பி, அடுத்தவங்க வேலையைத் தன்னுதுன்னு காட்டுறது இந்தத் தொழில்ல எவ்வளவு பெரிய குத்தம்னு தெரியுமா?"

உங்களுக்குத்தான் இதைச் சோதனை வேலையாக அனுப்பினோம், உங்கள் மின்னஞ்சலிலேயே தேடிப் பாருங்கள் என்றேன். அவர்கள் வெளியே போனார்கள். திரும்பி வரும்போது எனக்கு டீ வந்தது. "ஒரே யோசனை ரெண்டு பேருக்கு வர்றது இந்தத் துறையில சகஜம்தான்" என்றார் தலைவர். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

உங்கள் மாப்பிள்ளை


மே 10
கப்பலிலிருந்து

யோவ் மாப்ளே,

சௌக்கியம் எல்லாம் அப்புறம். டீயைக் குடிச்சிட்டு வந்தியா? மூஞ்சியில ஊத்த வேணாமா?

உன் கடுதாசி வந்த அன்னிக்கு நான் ஆக்கின சோத்துல கல்லு. முப்பது பேரும் என்னைத் திட்டுறானுங்க, எனக்குக் காதுல விழல. அந்தச் சுண்டுவிரல் எப்படிக் கோணலாச்சுன்னு உனக்கு அவ சொல்லியிருப்பா. சின்ன வயசுல கதவை மூடி மூடித் திறந்து விளையாடினோம். நான் மூடினேன், அவ கையை எடுக்கல. ஊரே கூடிருச்சு. எங்கப்பா பெல்ட்டை எடுத்தவர் வைக்கவே இல்ல. சாப்பிட உக்காரும்போதெல்லாம் அவ அந்த விரலை என் முன்னால ஆட்டிக் காட்டி என் தட்டுல இருக்கிறதை எடுத்துக்குவா. நான் வாயே தொறக்க முடியாது.

பல நூறு கையாம்! ஆராய்ச்சியாம்! அது என் வீட்டுக் கதவுல நசுங்கின விரல்யா! அதை நசுக்கின எனக்கு பெல்ட்டு அடி. அதைத் திருடினவனுக்கு விளக்குப் போட்ட ரூமா? நாளைக்கு எவனோ ஒருத்தன் பஸ்ஸுல தொங்கிக்கிட்டு, ஏன் சுண்டுவிரல் நிக்க மாட்டேங்குதுன்னு முழிப்பான். அவனுக்கென்ன தெரியும்?

விடாத. வக்கீலைப் பாரு. பத்திரிகைக்காரனைப் பாரு. ஏதாவது செய்யி. மரக்கட்டை மாதிரி உக்காந்திருக்காத.

உன் மச்சான்


மே 28

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நீங்கள் கோபத்தில் வேலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். சோதனை வேலைக்கு அனுப்பும்போது, கீழே பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகளுக்குச் சம்மதம் என்று ஒரு கட்டத்தில் குறி போட்டிருக்கிறோம். அனுப்பியது எல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று அதில் இருக்கிறதாம். "இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றார்.

அன்றைக்கே பணியாளர் பிரிவு அம்மா போன் செய்தார். எனக்கு வேலை தருகிறார்களாம். நான் கேட்டதைவிடப் பெரிய பதவி. இரண்டு நிபந்தனை. போர்ட்ஃபோலியோவிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துவிட வேண்டும். அந்தக் கைப்பிடிக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"நீங்க உணர்ச்சிவசப்படுறது புரியுது. ஆனா வாழ்க்கை முன்னால போய்க்கிட்டுத்தானே இருக்கு?" என்றார். நான் எப்போது உணர்ச்சிவசப்பட்டேன் என்று தெரியவில்லை.

ஜூன் கடைசியில் பேருந்துக் கம்பெனிக்காரர்கள் கைப்பிடி வாங்க வருகிறார்களாம். அன்றைக்கு நானே அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும், அதுதான் என் முதல் நாள் வேலை. "இதோட நுணுக்கம் உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றார். எனக்குத்தான் தெரியுமாம். எப்படித் தெரியும் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாதாம்.

அவர்கள் அனுப்பிய தாள் மேசைமேல் இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்காரர் அடுத்த மாதத்துக்குள் காலி செய்யச் சொல்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 9
கப்பலிலிருந்து

மாப்ளே,

உடம்பு பரவால்ல.

போட்டுடு. கையெழுத்தைப் போட்டுடு.

நானா இப்படிச் சொல்றேன்னு பாக்கிறியா? போன தடவை வந்தப்ப உன்னைப் பாத்தேன். சட்டையைக் கம்பியில மாட்டின மாதிரி இருந்த. அவளை எடுத்துட்டுப் போறப்பதான் நான் பக்கத்துல இல்ல. நீயும் ஒரு ரூமுல தனியாக் கெடந்து, எனக்கு எவனோ ஏதோ ஒரு துறைமுகத்துல வந்து சேதி சொல்ற மாதிரி ஆயிடக் கூடாது.

அவ இருந்தா என்ன சொல்லியிருப்பா? ஒரு பிளாஸ்டிக் கைப்பிடிக்காகப் பட்டினி கெடக்காதன்னுதான் சொல்லியிருப்பா. போட்டுட்டு வேலையில சேரு. திட்டுறதை நான் பாத்துக்கிறேன்.

உன் மச்சான்


ஜூன் 17

மச்சான்,

அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று ஆளாளுக்குச் சொல்கிறீர்கள். ஏஜென்ட் சொல்கிறார். அந்த அம்மா சொல்கிறார். இப்போது நீங்களும்.

என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. என்ன சொன்னாள் என்று தெரியும். தகுதி இல்லை என்று பதில் வந்த அன்று அடுப்பை மூட்டவில்லை, விளக்கைப் போடவில்லை. "நான் அவ்வளவு மட்டமாவா செஞ்சேன்?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியிலும் ஒருநாள் கேட்டாள், அந்தக் கைப்பிடியில் எது சரியில்லை என்று. மட்டம் என்றே நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். அந்த நேரத்தில் இவர்கள் அதை வார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பிளாஸ்டிக் கைப்பிடி என்று இன்னொரு தரம் எழுதாதீர்கள்.

உங்களுக்கு இப்படி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை


ஜூலை 8

அன்புள்ள மச்சானுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. கோபமா, கடலா தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போனேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். தாள் பையில் இருந்தது. "கையெழுத்துப் போட்டாச்சா?" என்று பணியாளர் பிரிவு அம்மா கேட்டார். "கூட்டம் முடிஞ்சதும் தர்றேன்" என்றேன். சிரித்தார்.

பேருந்துக் கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். அவர்களில் மூத்த அம்மா ஒருவர்தான் முடிவெடுப்பவர் போலிருந்தது. எல்லோர் கையிலும் ஒரு கைப்பிடி கொடுத்தார்கள். தலைவர் என்னைக் காட்டி, "இவர் விளக்குவார்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாவே கேட்டார்.

"என்னங்க இது, சுண்டுவிரல் வெளிய போகுது?"

"அதுதான் மேடம் இதோட சிறப்பே. பல நூறு கைகளை ஆராய்ச்சி..." என்று தலைவர் தொடங்கினார்.

"அது தப்பு மேடம்" என்றேன். "நான் பண்ணின தப்பு. அது ஒரே ஒரு கையோட அளவு."

தலைவர் என் தோளில் கைவைத்து, "புதுசா சேர்ந்திருக்கார்" என்று சிரித்தார். அந்தக் கையை எடுத்துவிட்டேன், மச்சான். அவர் கையைப் பிடித்து, தூக்கி, மேசைமேல் வைத்தேன்.

"இதைச் செஞ்சது என் மனைவி. இங்க வேலை கேட்டு வந்தவ. சோதனைக்குன்னு இதைச் செய்யச் சொன்னாங்க. செஞ்சு குடுத்தா. தகுதி இல்லன்னு எழுதி அனுப்பிட்டு, அவ செஞ்சதை எடுத்து வச்சுக்கிட்டாங்க. அவ விரல் கோணல். அந்தக் கோணலைக்கூடத் திருத்தாம எடுத்துக்கிட்டாங்க. இவங்களுக்கு அது கோணல்னே தெரியல."

"இப்ப இதெல்லாம் தேவையா?" என்றார் தலைவர்.

"தேவை" என்றேன். நான் கத்தினேன் போலிருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

"அவங்க இப்ப எங்க வேலை பாக்கிறாங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

"செத்துப் போயிட்டா" என்றேன்.

அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்குக்கூட வார்டு நர்ஸ்தான் போனில் சொன்னார், நான் பக்கத்தில் நின்றேன். இந்தக் கண்ணாடி அறையில், இந்த ஆட்களுக்கு முன்னால்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த அம்மா கைப்பிடியை மேசைமேல் வைத்தார். பேனாவை எடுத்து, "பேர் என்ன?" என்றார். சொன்னேன். முழுப்பேரையும் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். என் பேரைக் கேட்கவில்லை. அதுவே எனக்குப் போதும் என்று இருந்தது. அவர்கள் வாங்கினார்களா இல்லையா என்று தெரியாது. கூட வந்த இருவரையும் அழைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் மின்னஞ்சல் வந்தது. "தற்சமயம் தங்கள் தகுதிக்கேற்ற இடம் இல்லை." அவளுக்கு வந்த அதே வரி, எழுத்து மாறாமல். வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் வெகுநேரம் அழுதேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "ஏதாவது வேணுமா?" என்று கேட்டார்.

வீட்டைக் காலி செய்துவிட்டேன். கூட வேலை பார்த்த பழைய நண்பன் வீட்டு மாடியில் இருக்கிறேன், விலாசம் மேலுறையில். நீங்கள் கப்பலிலிருந்து இறங்கினால் நேரே இங்கே வாருங்கள். படுக்க இடம் இருக்கிறது. கையெழுத்துப் போடச் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் சொன்னீர்கள்.

அந்த மின்னஞ்சலுக்கு ஒரு பதில் போட்டிருக்கிறேன்: "நீங்கள் தகுதி இல்லை என்று சொன்ன முதல் ஆளின் பேரை, கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையில் எழுதுங்கள்." பதில் வரவில்லை. அடுத்த வாரமும் எழுதினேன். கம்பெனி முதலாளிக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று, வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குக்கூட ஒன்று. அந்தப் பலகை மாறும்வரை வாராவாரம் எழுதுவேன். எனக்குத்தான் இப்போது வேறு வேலை இல்லையே.

உங்கள் முதுகுவலியைப் பற்றி இந்தத் தடவையாவது ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை